1860இல் தொடங்காதீர்கள்: டர்பனில் முதல் குறும் ஆவணப்படம் எடுப்பவர்களுக்கு

தென்னாப்பிரிக்கத் தமிழரைப் பற்றிய ஆவணப்படங்கள் பலவும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கின்றன. கறுப்பு வெள்ளையில் ஒரு கப்பல், கரும்புத் தோட்டம், புல்லாங்குழல், அதன்மேல் ஒரு கனத்த குரல்: “1860 நவம்பர் 16ஆம் நாள், இந்தியாவிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ என்னும் கப்பல்...” இப்படியே மூன்று நிமிடம் ஓடிவிடும். படமே பத்து நிமிடம்தான் என்றால், இன்றைக்கு நடப்பதைச் சொல்ல மிஞ்சுவது ஏழு. அதிலும் கடைசி ஒன்றரை நிமிடம் நன்றி அறிவிப்பு.

வரலாறு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை எங்கே வைப்பது என்பதுதான் பேச்சு. இந்தக் கட்டுரை, கையில் ஒரு போனும் மனதில் ஒரு உறுத்தலும் வைத்துக்கொண்டு, நம் ஊரில் இன்று நடக்கும் ஒரு விஷயத்தைத் தன் பார்வையில் ஐந்து முதல் பதினைந்து நிமிடத்தில் சொல்ல நினைக்கும் புதியவர்களுக்காக.

இந்த வகைப் படம் எது என்று முதலில் பார்த்துவிடலாம். செய்தித்தாளின் நடுப்பக்கத்தில் ஒருவர் தன் பெயரில் கருத்துக் கட்டுரை எழுதுகிறார் அல்லவா, அதைப் படமாக எடுப்பது. நியூயார்க் டைம்ஸ் 2011இல் ஆப்-டாக்ஸ் என்ற பெயரில் இதற்கென்றே ஒரு பகுதியைத் தொடங்கியது. நம் நாட்டில் அதற்குப் பத்தாண்டு முன்பே, எச்ஐவி பற்றிய படங்களைத் தென்னாப்பிரிக்காவிலும் அண்டை நாடுகளிலும் எடுத்து, ஊர் ஊராகத் திரைகட்டிக் காட்டிப் பேசவைத்த ‘ஸ்டெப்ஸ் ஃபார் த ஃப்யூச்சர்’ முயற்சி இருந்தது. இரண்டிலும் பார்க்க வேண்டியது ஒன்று: படம் எடுப்பவரோ படத்தில் இருப்பவரோ, யாராவது ஒருவருக்கு அந்த விஷயத்தில் நேரடிச் சம்பந்தம் இருக்கும். தூரத்தில் நின்று விளக்கும் நிபுணரின் படம் இல்லை இது.

பொருளைத் தேடுவது

டர்பனில் விஷயத்துக்குப் பஞ்சமில்லை. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, டோங்காட் பல மாதம் குழாய்த் தண்ணீர் இல்லாமல் தவித்தது. மெரிபேங்க், வென்ட்வொர்த் பக்கம் எண்ணெய் ஆலைகள் பல காலம் கக்கிய புகை. சாட்ஸ்வொர்த்தில் சுகர்ஸ் என்று சொல்லப்படும் ஹெராயின் கலந்த போதைப்பொருள். வார்விக் அருகே அதிகாலைச் சந்தை, அதை இடித்து மால் கட்டும் திட்டம் 2009இல் வந்து, வியாபாரிகளின் எதிர்ப்பால் நின்றது. பிள்ளைகள் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் போய்விட, பெரிய வீட்டில் தனியாக இருக்கும் முதியவர்கள். சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் குறைந்துகொண்டே வரும் பிள்ளைகள்.

இவை எதுவும் இன்னும் படத்துக்கான பொருளாகவில்லை, தலைப்புகள்தான். தலைப்பைப் பொருளாக்க மூன்று கேள்விகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இதில் எனக்கு என்ன? யாரைப் பின்தொடரப் போகிறேன்? கேமரா முன்னால் என்ன நடக்கப்போகிறது?

மூன்றாவது கேள்வியில்தான் பெரும்பாலான திட்டங்கள் உடைகின்றன. ‘காற்று மாசு’ என்று ஆரம்பித்தால் நான்கு பேர் சோபாவில் உட்கார்ந்து பேசுவதுதான் படமாகும். மெரிபேங்கை எடுத்துக்கொள்வோம். என்ஜன் ஆலையில் 2020 டிசம்பரில் வெடித்துத் தீப்பிடித்தது, பிறகு அங்கே சுத்திகரிப்பு நடக்கவில்லை. பக்கத்து சாப்ரெஃப் ஆலையும் 2022இல் நின்றது. ஆக, இன்றைய கேள்வி வேறு. புகைபோக்கி நின்றுவிட்டது, தாத்தாவின் இன்ஹேலர் நின்றதா? அந்த ஆலையிலேயே வேலை பார்த்த மகனுக்கு இப்போது சம்பளம் எங்கிருந்து வருகிறது? ஒரே வீட்டில் ஒருவருக்கு நிம்மதி, இன்னொருவருக்கு வேலையில்லை. இப்படி ஒரு வீடு கிடைத்தால், காலையில் எழுவதிலிருந்து மாலை வரை படம் பிடிக்க ஏதாவது நடந்துகொண்டே இருக்கும்.

இப்போது வரலாற்றுக்கு வருகிறேன். ஆலைகளுக்கு நடுவில் இந்த வீடு ஏன் இருக்கிறது என்ற கேள்வி பார்ப்பவருக்குத் தானாக எழும். அது எழுந்த பிறகு, 1950ஆம் ஆண்டின் குரூப் ஏரியாஸ் சட்டம் யார் எங்கே குடியிருக்கலாம் என்று நிறத்தை வைத்துப் பிரித்ததை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். பசித்தபின் போட்ட சோறு மாதிரி உள்ளே இறங்கும். சாட்ஸ்வொர்த்தைப் பற்றிய படமானால், நகராட்சித் தொழிலாளர் குடும்பங்கள் 1960களில் மேகஸின் பாரக்ஸ் குடியிருப்பிலிருந்து அங்கே மாற்றப்பட்டதை ஆயா (பாட்டி) தன் பழைய படங்களைப் புரட்டும்போதே சொல்லிவிடுவார். கனத்த குரலுக்கு வேலையே இல்லை.

முதல் கேள்வியையும் லேசாக விடாதீர்கள். மெரிபேங்கில் பிறந்து இப்போது வசதியான உம்லாங்காவில் குடியிருக்கிறீர்களா? அதைப் படத்திலேயே சொல்லுங்கள். பார்ப்பவருக்கு நீங்கள் எந்த இடத்தில் நின்று பேசுகிறீர்கள் என்று தெரிந்தால், உங்கள் கருத்தை ஏற்காவிட்டாலும் உங்களை நம்புவார்கள். சமூகத்தின் சார்பில் பேச ஆட்கள் நிறைய உண்டு. நீங்கள் உங்கள் சார்பில் பேசினால் போதும்.

ஒரு எச்சரிக்கை. 2021 ஜூலைக் கலவரத்தில் குவாசுலு-நாட்டாலிலும் கௌடெங்கிலுமாக 350 பேருக்கு மேல் இறந்தார்கள். இந்தியர் பெரும்பான்மையாக வாழும் ஃபீனிக்ஸில் இறந்தவர்களில் பெரும்பாலானோர் கறுப்பின மக்கள். அந்த நாட்களைப் பற்றி நம் பக்கத்துப் பயத்தை மட்டும் வைத்து ஒரு படம் எடுப்பது சுலபம், அது அநியாயமும்கூட. பக்கத்திலேயே கறுப்பின மக்கள் வாழும் பம்பாயி, இனாண்டா பக்கம் உட்கார்ந்து கேட்க உங்களுக்கு நேரமும் துணையும் இருந்தால் எடுங்கள். முதல் படமாக அதை எடுக்காமல் இருப்பதே நல்லது என்பது என் அபிப்பிராயம்.

அனுமதி

இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். படம் முடிந்த பிறகு சண்டை வருவதும் இங்கேதான்.

முதல் தடவை போகும்போது கேமரா வேண்டாம். கேமராவோடு போனால் ஆன்ட்டி புதுப் புடவை கட்டிவிடுவார், வீட்டை ஒழுங்குபடுத்திவிடுவார், பிரியாணி வேறு செய்துவிடுவார். அன்றைக்கு நீங்கள் பார்ப்பது அவர் வீடே இல்லை. சும்மா போய் டீ குடியுங்கள். எதற்காக எடுக்கிறீர்கள், எவ்வளவு நேரம் ஆகும், எங்கே காட்டுவீர்கள் என்று சொல்லுங்கள். மகனோ மருமகளோ இருந்தால் அவர்களும் கேட்கும்படி சொல்லுங்கள். பெரியவர் சரி என்று சொன்ன பிறகு, வீடியோ வெளிவந்த நாளில் பிள்ளைகள் கொதிப்பது நம் ஊரில் வழக்கம்.

அப்புறம் எழுத்தில் ஒரு அனுமதிக் கடிதம். ஒரு பக்கம் போதும். பெயர், எந்தப் படத்துக்கு, எங்கெல்லாம் காட்டப்படும் (கோயில் மண்டபம், திரைப்பட விழா, யூடியூப் என்று தனித்தனியாக), பணம் உண்டா இல்லையா, எந்தத் தேதிக்குள் வேண்டாம் என்று சொல்லலாம். நம் முதியவர்கள் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. ஆகவே கடிதத்தை அவர்கள் பேசும் மொழியில் வாசித்துக் காட்டி, அவர்கள் ஒப்புக்கொள்வதை வீடியோவிலும் பதிந்துகொள்ளுங்கள். 2021 ஜூலையிலிருந்து முழுமையாக அமலில் இருக்கும் போப்பியா சட்டம் தனிப்பட்ட விவரங்களைக் காக்கிறது. செய்திக்கும் கலைக்கும் அதில் விலக்கு உண்டு, ஆனால் அந்தரங்கத்தையும் கருத்துச் சுதந்திரத்தையும் சமன்செய்யத் தேவையான அளவுக்கு மட்டும்தான். விலக்கை நம்பிக் கடிதம் வாங்காமல் இருக்காதீர்கள்.

சுகர்ஸ் பற்றிய படமென்றால் இன்னும் கவனம் வேண்டும். போதையில் இருக்கும் ஒருவர் தலையாட்டுவது சம்மதம் ஆகாது. தெளிவாக இருக்கும்போது, இன்னொரு நாள், மறுபடியும் கேளுங்கள். அம்மா தன் மகனைப் பற்றிப் பேசுகிறார் என்றால் அம்மாவின் சம்மதத்தோடு மகனின் சம்மதமும் வேண்டும். அவர் கதை அது. முகத்தை மங்கலாக்கினால் போதும் என்று நினைக்கிறோம். குரல், பச்சை குத்தல், வாசற்கதவின் எண், கார் நம்பர், பள்ளிச் சீருடையின் சின்னம் இவற்றில் எது ஒன்றும் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். சாட்ஸ்வொர்த் போன்ற இடத்தில் ஒரு படிக்கட்டைப் பார்த்தே எந்த யூனிட், எந்தத் தெரு என்று சொல்லிவிடுவார்கள். உண்மையாகவே மறைக்க வேண்டுமானால் முகத்தைப் படம்பிடிக்காமல் கைகளைப் பிடியுங்கள், அவர் சொன்னதை வேறொருவர் குரலில் சொல்ல வையுங்கள்.

18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டும், பிள்ளைக்கும் விருப்பம் இருக்க வேண்டும். குற்ற வழக்கில் சம்பந்தப்பட்ட சிறுவர் என்றால், அவர் குற்றம் சாட்டப்பட்டவரோ சாட்சியோ பாதிக்கப்பட்டவரோ, அடையாளத்தை வெளியிடச் சட்டம் அனுமதிப்பதில்லை. அவர் பெரியவராகிவிட்டாலும் அந்தப் பாதுகாப்பு தொடரும் என்று 2019இல் அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இடங்களுக்கான அனுமதி இதைவிட எளிது. பொதுத் தெருவில் போனை வைத்து எடுப்பதற்கு யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. கடற்கரை, பூங்கா போன்ற நகராட்சி இடங்களில் குழுவும் ஸ்டாண்டும் விளக்குமாக இறங்குவதானால் டர்பன் ஃபிலிம் ஆபீஸில் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். மால் என்பது தனியார் சொத்து, அங்கே நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். ஆலை, துறைமுகம் பக்கம் காவலாளி வந்து விசாரிப்பார். வாக்குவாதம் வேண்டாம், பொதுச் சாலையில் நின்று எடுங்கள். டிரோனுக்குத் தனி விதிமுறைகள், ஆட்களுக்கும் கட்டடத்துக்கும் 50 மீட்டருக்குள் பறக்கவிட அனுமதி வேண்டும். உண்மையில் முதல் படத்துக்கு டிரோன் எதற்கு?

கோயிலில் எடுப்பதென்றால் கமிட்டியிடம் கேளுங்கள், அருள் வந்து ஆடுபவரின் முகத்துக்கு நேரே போனை நீட்டாதீர்கள். தைப்பூசக் காவடியும் தீமிதியும் கண்ணைக் கவரும், அதனாலேயே சம்பந்தமில்லாத படங்களிலும் நுழைந்துவிடுகின்றன. தண்ணீர்ப் பிரச்சினைப் படத்தில் காவடி வந்தால் அது அலங்காரம்தான்.

ஒலி, பிறகு படம்

மூன்று, நான்கு வருடப் பழைய போனே போதும். பணம் இருந்தால் முதலில் சட்டையில் மாட்டும் மைக் வாங்குங்கள். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். பேச்சு கேட்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவார்கள்.

டர்பனில் ஒலிக்கு எதிரிகள் பல. கடற்காற்றுக்கு மைக்கின்மேல் பஞ்சு உறை மாட்டுங்கள். தகரக் கூரை வீட்டில் மழை வந்தால் அன்றைய பேட்டி அவ்வளவுதான். மின்வெட்டு வந்துவிட்டால் தெரு முழுக்க ஜெனரேட்டர் சத்தம். சாயங்காலம் ஹடீடா பறவைகள் கத்த ஆரம்பித்தால் மன்னிப்பே கிடையாது. வீட்டுக்குள் நுழைந்ததும் ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டு, உங்கள் கார் சாவியை அதற்குள் வையுங்கள். சாவி எடுக்கப் போகும்போது ஃப்ரிட்ஜ் அணைந்திருப்பது நினைவுக்கு வரும். பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல் அரை நிமிடம் அந்த அறையின் வெறும் ஒலியைப் பதியுங்கள், எடிட்டிங்கில் வெட்டுகளை மறைக்க அது கட்டாயம் தேவைப்படும்.

போனில் விநாடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 50இல் ஒன்று என்று வையுங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், வேறு எண் வைத்தால் டியூப் லைட் வெளிச்சம் படத்தில் துடிக்கலாம். போனோடு வரும் கேமரா செயலியில் இதெல்லாம் கைக்கு அகப்படாவிட்டால் பிளாக்மேஜிக் கேமரா போன்ற இலவசச் செயலி இருக்கிறது. ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிடுங்கள். போனைக் குறுக்குவாட்டில் பிடியுங்கள்.

தனியாகப் போகாதீர்கள். இருவராகப் போனால் ஒருவர் கேட்க, ஒருவர் எடுக்க வசதி. போன் பறிபோகும் பயமும் கொஞ்சம் குறையும். எடுத்ததை அன்று இரவே இரண்டு இடத்தில் நகலெடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள்.

பேச வைப்பது

“உங்களுக்கு எப்படி இருந்தது?” என்று கேட்டால் “கஷ்டமாகத்தான் இருந்தது” என்று பதில் வரும், அதோடு முடிந்தது. “தண்ணீர் நின்ற அன்று காலையில் என்ன செய்தீர்கள்?” என்று கேளுங்கள். வாளி, பக்கத்து வீட்டுப் பையன், தண்ணீர் லாரிக்கு நின்ற வரிசை, அதில் நடந்த சண்டை என்று எல்லாம் வரும். பதில் முடிந்ததும் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாமல் சும்மா இருங்கள். அந்த அமைதியைத் தாங்க முடியாமல் அவர்கள் சொல்வதுதான் பெரும்பாலும் படத்தின் மையமாகிறது.

உட்காரவைத்துப் பேசுவதைவிட வேலை செய்துகொண்டே பேசுவது நல்லது. கீரை ஆய்ந்துகொண்டு, வலையைப் பிரித்துக்கொண்டு, மாவிலை கட்டிக்கொண்டு. வாய் ஒரு பக்கம், கை ஒரு பக்கம் இருந்தால் கேமரா மறந்துவிடும்.

மொழியைப் பற்றி ஒன்று. ஆங்கிலத்தில் ஆரம்பித்து, கோபம் வரும்போது தமிழுக்குத் தாவி, நடுவில் ஒரு ஜூலு வார்த்தை போடுவதுதான் நம் வீட்டுப் பேச்சு. அதைத் திருத்தாதீர்கள். “தமிழிலேயே சொல்லுங்க ஆயா” என்று வற்புறுத்தினால் அவர் கூச்சப்பட்டு மேடைப் பேச்சு பேசுவார். அரசியல் சாசனத்தின் 6ஆம் பிரிவு, மதிக்கப்பட வேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தமிழின் பெயரைச் சொல்கிறது. அதைப் படத்தில் நிரூபிக்கும் பொறுப்பை ஆயாவின் தலையில் வைக்க வேண்டாம். ஜூலு பேசும் பக்கத்து வீட்டுக்காரரையும் எடுக்கப்போகிறீர்கள் என்றால், அந்த மொழி நன்றாகத் தெரிந்த ஒருவர் கூட வரட்டும்.

வெட்டுவது

மூன்று மணி நேரப் பதிவு பத்து நிமிடமாக வேண்டும். கணினியில் உட்காரும் முன் பேட்டிகளை எழுத்தில் இறக்குங்கள். நல்ல வரிகளைத் துண்டுச் சீட்டில் எழுதித் தரையில் பரப்பி, வரிசை மாற்றி மாற்றிப் பாருங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் கணினியில் நாட்கணக்கில் தடுமாறுவதை இது மிச்சப்படுத்தும். எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு தாராளம்.

முதல் ஒரு நிமிடத்துக்குள் ஆளும் இடமும் இன்றைய சிக்கலும் தெரிந்துவிட வேண்டும். உங்கள் சொந்தக் குரல் வர்ணனை மொத்தமாக ஒன்றரை நிமிடத்தைத் தாண்டாமல் இருக்கட்டும். திரையில் தெரிவதைக் குரலில் சொல்லாதீர்கள். எண்ணோ தேதியோ வந்தால் இரண்டு இடத்தில் சரிபாருங்கள். யாரையாவது, எந்த அலுவலகத்தையாவது குற்றம் சொல்கிறீர்கள் என்றால் அவர்கள் தரப்பை எழுதிக் கேட்டு, பதில் வராவிட்டால் வரவில்லை என்று திரையில் போடுங்கள்.

பின்னணிக்கு இளையராஜா பாட்டைப் போட ஆசை வரும். வேண்டாம். உரிமை வாங்காமல் போட்டால் யூடியூப் தடுக்கலாம், விழாக்களும் நிராகரிக்கலாம். தெரிந்த தவில்காரரோ, பஜனைக் குழுவோ இருந்தால் பாரம்பரியப் பாட்டு ஒன்றை வாசிக்கச் சொல்லி நீங்களே பதிந்துகொள்ளுங்கள், அவர்களிடமும் ஒரு கையெழுத்து வாங்குங்கள். பழைய படங்கள் தேவையென்றால் முதலில் குடும்ப ஆல்பம். கிடைக்காவிட்டால் டர்பனில் உள்ள 1860 ஹெரிடேஜ் சென்டரையும், குவாசுலு-நாட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையத்தையும் அணுகலாம். எதை எங்கே பயன்படுத்தப்போகிறீர்கள் என்று சொல்லி அனுமதி கேளுங்கள்.

சப்டைட்டில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம், ஒரு விநாடிக்குக் குறைவாக நிற்கவும் கூடாது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை, பேசியதை அப்படியே இறக்கினால் திரை நிரம்பிவிடும், சுருக்குங்கள். சில எடிட்டிங் மென்பொருள்களில் கொம்பும் காலும் இடம் மாறி எழுத்து உடையும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யூனிகோட் எழுத்துருவைப் போட்டு, முழுப் படத்தையும் வெளியெடுத்த பிறகு தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

காட்டுவது

முதல் பார்வையாளர் படத்தில் இருப்பவர்தான். அவர் வீட்டுக்கே போய், அவர் டிவியில் போட்டுக் காட்டுங்கள். தன் நோயோ கடனோ பிள்ளையின் பெயரோ வெளியே போக வேண்டாம் என்று சொன்னால் வெட்டிவிடுங்கள். உங்கள் கருத்தையே மாற்றச் சொன்னால் அது வேறு விஷயம், உட்கார்ந்து பேச வேண்டியது.

அடுத்தது ஊர். கோயில் மண்டபம், பள்ளிக்கூடம், நூலகம் எதுவானாலும் சரி. படம் பத்து நிமிடம் என்றால் பேச்சுக்கு நாற்பது நிமிடம் ஒதுக்குங்கள், பேச்சை நடத்த உங்களைத் தவிர வேறொருவர் இருக்கட்டும். லோட்டஸ் எஃப்எம்மின் தமிழ் நிகழ்ச்சிக்குத் தகவல் அனுப்பிப் பாருங்கள், முதியவர்கள் காதில் விழ அதுவே வழி.

திரைப்பட விழாக்களுக்கு அனுப்புவதானால் யூடியூபில் பொதுவாகப் போடுவதைத் தள்ளி வையுங்கள். சில விழாக்கள் ஏற்கெனவே வெளிவந்த படத்தை ஏற்பதில்லை. 1979இல் தொடங்கிய டர்பன் சர்வதேசத் திரைப்பட விழா நம் வாசலிலேயே நடக்கிறது. ஆவணப்படங்களுக்கென்றே 1999 முதல் என்கவுன்டர்ஸ் விழா கேப்டவுனில் நடக்கிறது. விண்ணப்பத் தேதிகளை அவர்கள் தளத்தில் பார்த்து, கடைசி நாள் வரை காத்திருக்காமல் அனுப்புங்கள். அரசு நிதிக்கு நேஷனல் ஃபிலிம் அண்ட் வீடியோ ஃபவுண்டேஷன் இருக்கிறது, ஆனால் முதல் படத்தை அந்தப் பணத்துக்காகத் தள்ளிப்போட வேண்டாம். இரண்டாவது படத்துக்கு விண்ணப்பிக்கும்போது முதல் படம்தான் உங்கள் சான்றிதழ்.

படத்தில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு பென் டிரைவில் பிரதி கொடுங்கள். அனுமதிக் கடிதங்களை ஸ்கேன் செய்து மூலப் பதிவுகளோடு ஒரே ஃபோல்டரில் வையுங்கள். யூடியூபில் போட்டால் கமென்ட் பகுதியை முதல் வாரமாவது மூடி வையுங்கள் அல்லது ஒவ்வொன்றையும் பார்த்து அனுமதியுங்கள். இனத்தையும் சாதியையும் இழுத்து யாராவது எழுதுவார்கள், அதைப் படிக்கப்போவது உங்களை வீட்டுக்குள் விட்ட அந்த ஆன்ட்டியின் பேரப்பிள்ளைகள்.